பேரிக்காய்ப் பெட்டியின் பட்டை

பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறோம். கார்ச் சாவி உள்ளே தொங்குகிறது, நான்கு கதவும் பூட்டிக் கிடக்கின்றன. ஸ்வெட்டர்களும் உள்ளேதான். கொடைரோடு ஸ்டேஷனில் மாமியார் மூன்று மணிக்கு ரயிலிலிருந்து இறங்குகிறார். இப்போதே மணி ஒன்று. மலையிறங்கவே இரண்டு மணி நேரமாகும்.

“மாற்றுச் சாவி?” என்கிறாள் மனைவி.

“பத்திரமாக இருக்கிறது” என்கிறேன்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. கண்ணாடி வழியே டேஷ்போர்டைப் பார்க்கிறாள்.

வேறு வழியில்லாமல் ஒரு கல்லைக் கையில் எடுக்கிறேன். எதிரே பழக்கடை வைத்திருக்கும் காதர் பாய் சிரித்துக்கொண்டே வருகிறார். அவர் கையில் பேரிக்காய்ப் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை.

“கல்லக் கீழ போடுங்க சார். பழைய காருதான, அஞ்சு நிமிசச் சோலி.”

பட்டையை இரண்டாக மடித்துக் கதவிடுக்கில் நுழைக்கிறார். மடிப்பு உள்ளே வளையமாக விரிந்து, கண்ணாடியோரம் நிற்கும் பூட்டுக் குமிழை நோக்கி ஊர்கிறது. இரண்டு முறை வழுக்குகிறது. டீக்கடையில் ஒருவரும் டீ குடிக்கவில்லை. மூன்றாம் முறை வளையம் குமிழைக் கவ்வ, மேலே இழுக்கிறார். ‘டக்’கென்று பூட்டு திறக்கிறது. டீக்கடையே கைதட்டுகிறது.

“இதையும் வச்சுக்கங்க சார், ஒதவும்” என்று பட்டையை என்னிடமே நீட்டுகிறார். உச்சி குளிர்ந்துபோய் அதைச் சுருட்டி, டேஷ்போர்டுக்குள் மாற்றுச் சாவியின் பக்கத்திலேயே பத்திரமாக வைக்கிறேன்.

காதர் பாய் என்னையே ஒரு கணம் பார்க்கிறார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு மனைவியின் பக்கம் போகிறார்.

“அக்கா, அந்த ரெண்டையும் எடுத்து ஒங்க கைப்பையில போட்டுக்கங்க.”