ஏக்கருக்கு எத்தனை வீடு?

புதுக் கட்டடம் வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்டு வரும் தொழில், இரண்டு கேள்வியில் முடிந்துவிடும் போலத் தோன்றும், முடியாது. உள்ளே நாய் குரைக்க, கேட்டுக்கு வெளியே நின்று “நான் எதையும் விற்க வரவில்லை” என்று சொல்லிப் பழகிய சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில், குளுவாங்கிலிருந்து காஹாங் போகும் பக்கம் ஒரு தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. அதை ஒட்டிய, பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டை அழித்து அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள். அதன் சுற்றுச்சூழல் ஆய்வுக்காக என்னை வீடு வீடாக அனுப்பினார்கள்.

சோபா மேல் நின்றவர்கள்

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் மணியம் அண்ணனிடம் முதலில் போனேன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மைலோ கலக்கிக் கொடுத்து, சுவரில் வெள்ளம் ஏறிய கறையைக் காட்டினார். மரம் இருக்கும்போதே இவ்வளவு தண்ணீர், வெட்டிவிட்டு சிமெண்டு போட்டால் என்ன ஆகும் என்றார். எனக்கு நியாயமாகவே பட்டது. மாடி வேண்டாம், தரை வீடாகக் கொஞ்சம் கட்டட்டும் என்பது அவர் கட்சி. ஆய்வில் ஓடையிலுள்ள மீன், தவளை எல்லாம் சேரும் என்று நான் பெருமையாகச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

“தவளைய எண்ணுவீங்க, சரி. போன வெள்ளத்துல சோபா மேல ஏறி நின்னோமே, எங்கள எந்தக் கணக்குல சேப்பீங்க தம்பி?”

புள்ளி வைத்த படம்

அடுத்த தெருவில் காளிமுத்து தாத்தா, தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். ஏக்கருக்கு எத்தனை வீடு என்பதுதான் அடர்த்தி என்று, வரிசையாகப் புள்ளி வைத்து விளக்கினேன். நெருக்கி நட்டால் உயரமாகப் போகும், குலை தள்ளாது என்றார். அப்படியானால் எதிர்ப்பா என்றேன். தள்ளி நட்டால் இடம் வீண் என்று தொரை திட்டுவார் என்றார். அப்படியானால் ஆதரவா என்றேன்.

“நான் எங்க லா வீட்டப் பத்திப் பேசுனேன்? நீதானே செம்பனையப் படம் போட்டுக் காட்டுன!”

பின்பக்கச் சந்து

திரும்பும் வழியில், மணியம் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ஒரு பெண் கைதட்டிக் கூப்பிட்டார். அண்ணனின் தங்கை பரமேஸ்வரி; தொழிற்சாலையில் வேலை. கணவர் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு இங்கே இருக்கிறார். சமையலறையை நீட்டிக் கட்டிய இடத்தில்தான் மூவரும் படுக்கிறார்கள். அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்றார்.

அவர் சம்பளத்துக்குத் தரை வீடு ஜென்மத்திலும் கிடைக்காது. அடுக்குமாடி வந்தால் சின்னதாக ஒன்று வாங்கலாம். இதுவும் எனக்கு நியாயமாகவே பட்டது. அங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

“ஆதரவுன்னு போடுங்க தம்பி. வீட்டு நம்பர மட்டும் போட்றாதீங்க, அண்ணனுக்கும் அதே நம்பர்தான்.”

மண்டபத்தில்

விளக்கக் கூட்டத்தில் மணியம் அண்ணன் மைக்கைப் பிடித்தார். ஒரு ஏக்கரில் இத்தனை குடும்பத்தைத் திணித்தால் மனிதன் மூச்சு விடுவது எப்படி என்று கேட்டார். ஒரே கைதட்டல். நானும் தட்டிவிட்டேன், என் தொழிலில் அது கூடாது.

பின்வரிசையில் பரமேஸ்வரி எழுந்தார். “குசினியில நாங்க மூனு பேரு மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம், அண்ணே.” அண்ணன் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, இவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் அண்ணன் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“என் பேரு எதிர்ப்புலயே இருக்கட்டும் தம்பி, தண்ணி வரத்தான் போகுது. ஆனா கட்டுனாங்கன்னா, என் தங்கச்சிக்குத் தண்ணி ஏறாத மாடியாப் பாத்து ஒன்னு குடுக்கச் சொல்லுங்க லா.”

ஊரார் மனதை அறிந்துவரப் போனவன், என் மனது எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன் என்பதே இந்த ஆய்வில் நான் கண்ட முடிவு.