ஐஸ் பெட்டியில் வைத்த கேன்

மறதி நோய் வந்த பிறகு என் மனைவிக்கு ஓயாத பதற்றம். ஆபத்து என்றால் உடம்பில் ஒரு சுரப்பு ஏறும், ஆபத்து போனதும் மூளை அதை இறக்கும். இந்த நோயில் அந்த இறக்குகிற வேலை கெட்டுவிடலாம் என்றார் டாக்டர். அதை அளக்க இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். அளவு தெரிந்தால்தான் அடுத்த மருந்து.

துறைமுக அலுவலகத்தில் கோப்புகளோடு கிழடு தட்டியவன் நான். ஐந்து லிட்டர் கேனில் பெயர், தொடங்கிய நேரம், கையெழுத்து எல்லாம் ஒட்டி, காசிமேட்டு மீன் சந்தை ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு முடியும்.

ஏழே முக்காலுக்குத் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. ராயபுரத்தில் குழாய்கள் காய்ந்து கிடந்த வருடம் அது. என் பெயரை மறந்தவள் அந்த ஹாரனை மறக்கவில்லை. நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது கேனைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஓடி, அதே கேன் நிறையத் தண்ணீரோடு திரும்பினாள்.

"இன்னா மொறைக்கிற? பெரிய ஆபீசரு. ஒரு நாளாச்சும் தண்ணி புடிச்சாந்துகீறியா?"

அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எனக்கு விதி தெரியவில்லை. பல மாதங்களில் முதல் முறையாக அவள் மத்தியானம் வரை அமைதியாக உட்கார்ந்திருந்தாள். சுரப்பு எனக்குத்தான் ஏறியிருந்தது.

இரண்டாம் முறை சேர்த்தபோது ஐஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். லாரி வந்ததும் குடத்தோடு வரிசையில் நான் நின்றேன். "எவளையும் முந்த வுடாத," என்று வாசலிலிருந்து உத்தரவு வந்தது. மணி எட்டானபோது குடமும் நிறைந்திருந்தது, கேனும் பத்திரமாக இருந்தது.