அடியில் படுத்த முள்

இரண்டாம் உலக யுத்த காலத்தில், பெற்றோல் கூப்பனுக்கு மட்டும் அளந்து கொடுக்கப்பட்ட நாட்களில், யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்தில், ஊர்காவற்றுறை இறங்குதுறையில் இது நடந்தது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் ஒரு கராஜில் வேலை பழகி, பிறகு மலைநாட்டில் லொறி ஓட்டி, எங்கும் நிலைக்காமல் தீவுக்குத் திரும்பியிருந்தேன். சாப்பாடும் படுக்க ஓர் இடமும் தந்தால் எந்த வேலையும் செய்வேன் என்ற நிலை.

அப்படித்தான் ஒரு முதலாளியின் வாடகைக் காருக்குச் சாரதியானேன். அவர் மாத்தறையில் கடை வைத்திருந்தவர். யுத்தம் வந்ததும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காரை இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். துறையிலிருந்து வேலணை, சரவணை, சாட்டி என்று ஓட்டம் இருக்கும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எப்போதும் எனக்குப் பக்கத்தில் ஏறி இருப்பார். கண் ரோட்டில் இருக்காது. பெற்றோல் காட்டும் முள்ளில்தான் இருக்கும். முப்பது வருடம் தராசு முள்ளைப் பார்த்தே பழகிய கண்.

ஒருநாள் மாலை வேலணையிலிருந்து திரும்பியபோது முள் பாதியில் நின்றது. காரை அவர் வீட்டு வளவில் விட்டு, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை காரை எடுத்தால், முள் அடியில் போய்ப் படுத்திருந்தது. துறை வரும்வரை அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். காரைநகர் வள்ளத்துக்கு ஆட்கள் கூடி நின்ற நேரம் அது. கீழே இறங்கியவர் கத்தத் தொடங்கினார்.

"ராவோட ராவா அரைத் தாங்கிப் பெற்றோல் எங்க போனது? சொல்லு!"

அதுவரை என்னை 'நீர்' என்று பேசியவர் அன்று 'நீ' என்றார்.

"முதலாளி, பெற்றோல் இல்லாமலோ கார் இவ்வளவு தூரம் ஓடி வந்தது?" என்று கேட்டேன்.

"சாவி என்னட்ட இருந்தாலும் தாங்கி மூடியை ஆரும் திறக்கலாம். கள்ளன் அடியில கொஞ்சம் விட்டிட்டுத்தானே எடுப்பான்."

வேலியில் ஒரு தடியை முறித்துக் காரின் பெற்றோல் தாங்கிக்குள் விட்டு எடுத்தேன். பாதிக்கு நனைந்திருந்தது. எல்லோருக்கும் காட்டினேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தடி நீ முறிச்சது. முள்ளு வெள்ளைக்காரன் பூட்டினது. நான் எதை நம்ப?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முழுப் பெற்றோலையும் தகரத்தில் இறக்கிக் காட்டுகிறேன் என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பிடிபட்ட பயத்தில் நான் அதைத் திரும்ப ஊற்றியிருப்பேனாம். எப்போது ஊற்றினேன், அவர் பக்கத்தில் இருந்து வந்த நேரத்திலா? இப்படிப் பேசுகிறவனிடம் எதைக் கொண்டு வாதாடுவது?

வள்ளக்காரர் ஒருவர், "தம்பி, பெற்றோலைக் குடிச்சிருந்தால் சொல்லிப்போடு. சுருட்டுப் பத்தவைக்கிறவை தள்ளி நிக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காரைநகருக்குப் போக நின்றவர்கள் அந்தச் சிரிப்போடே வள்ளத்தில் ஏறிப் போனார்கள்.

சத்தம் கேட்டு ஊர்த் தலைவரான விதானையார் வந்தார். "பெற்றோல் களவு இப்ப சின்ன விசயமில்லை. பொலிசுக்கு எழுதி அனுப்பினால் மறியல்வீட்டில கம்பி எண்ண வேண்டியதுதான்" என்றார்.

முதலாளி பெரிய மனதோடு சொல்வதுபோலச் சொன்னார்: "மறியல் வேண்டாம். நாளைக்கு நயினாதீவுக்கு வந்து, அம்மனுக்கு முன்னால கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். அது போதும்."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்று நம்புவார்கள். நான் செய்திருக்கலாம், எடுக்காதவனுக்கு என்ன பயம்? ஆனால் செய்ய மனம் வரவில்லை. கெட்டுப்போன ஒரு முள்ளுக்காக நான் ஏன் அம்மனுக்கு முன்னால் கள்ளனைப்போல் நிற்க வேண்டும்?

"ஏலாது. முதல்ல இந்த முள்ளு சத்தியம் பண்ணட்டும். பொழுதுபடுமட்டும் நேரம் தாங்கோ" என்றேன்.

"பாத்தியளே, மாட்டானாம்!" என்றார் முதலாளி. அவ்வளவில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னைக் கள்ளனென்று தீர்த்துவிட்டார்கள். விதானையார் மட்டும், "சரி, செய்யும் பாப்பம்" என்று ஒரு மரத்தடியில் குந்தினார்.

பின் ஆசனத்தைத் தூக்கி, அடியிலிருந்த மூடியைக் கழற்றினேன். தாங்கியின் தலையில் ஒரு வட்டமான தகடு இருக்கும். அதில் ஒரு வயர் வந்து பூட்டியிருக்கும். தகட்டுக்குக் கீழே, தாங்கிக்குள், ஒரு கம்பியின் நுனியில் பித்தளை மிதவை தொங்கும். பெற்றோல் ஏற மிதவை ஏறும், இறங்க இறங்கும். அதைத்தான் அந்த வயர் முன்னாலிருக்கும் முள்ளுக்குச் சொல்கிறது.

வயரைக் கழற்றிவிட்டு, விதானையாரைக் கூப்பிட்டு முள்ளைப் பார்க்கச் சொன்னேன். அடியில் கிடந்த முள் துள்ளி எழும்பித் தாங்கி நிறைந்திருக்கிறது என்று காட்டியது. வயரைக் காரின் உடம்பில் தொட்டேன். பழையபடி அடியில் விழுந்தது. முள்ளிலும் வயரிலும் பழுதில்லை, பழுது தாங்கிக்குள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

விதானையார் முதலாளியைப் பார்த்து, "வயரைக் கழட்டிவிட்டால் தாங்கி நிரம்புது. இனி உமக்குக் கூப்பன் தேவையில்லைப்போல" என்றார். முதலாளி சிரிக்கவில்லை.

தகட்டைச் சுற்றியிருந்த திருகுகள் உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தன. திருப்புளி வழுக்கிக் கை கிழிந்தது. ஒருவழியாகக் கழற்றி, மிதவையை வெளியே எடுத்தேன். உள்ளே காற்று மட்டும் இருக்க வேண்டியது அது. முதலாளியின் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டினேன். உள்ளே களுக் களுக் என்றது.

"கேக்குதோ? உங்கட கள்ளன் இதுக்குள்ள இருக்கிறான்."

தேத்தண்ணிக் கடையில் ஒரு வாளி சுடுநீர் வாங்கி, அடுப்புத் தீக்கு எட்டாத தூரத்தில் வைத்து, மிதவையை அமிழ்த்தினேன். பொருத்து வாயின் ஓரிடத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது. ஊசித் துவாரம்தான். அதன் வழியாக இரவு முழுவதும் மிதவை பெற்றோலைக் குடித்து, பாரமாகி, அடியில் போய் இருந்துவிட்டது. அது குடித்தது இரண்டு மேசைக்கரண்டிகூட வராது. துவாரத்தைக் கொஞ்சம் பெருப்பித்து, பெற்றோலை வடித்து, மணம் போகும்வரை சுடுநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஈயம் வைத்து அடைத்தேன். திரும்பச் சுடுநீரில் போட்டபோது ஒரு குமிழியும் வரவில்லை. எல்லாவற்றையும் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். முள் எழும்பிப் பாதியில் நின்றது. நேற்று மாலை நின்ற அதே இடம். துறைக்கு ஓடி வந்ததற்கு ஒரு மயிரளவு கீழே.

முதலாளி குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு, "நல்ல வேலைதான் தெரிஞ்சிருக்கு உமக்கு. வாரும், வீட்டில சாப்பிடுவம்" என்றார். 'நீர்' திரும்பி வந்துவிட்டது!

"சாப்பாடு வேண்டாம். விடிய நிண்ட இடத்தில நிண்டு, விடிய கத்தின சத்தத்தில, இவன் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

"நான் உம்மைக் கள்ளன் எண்டு சொன்னனானே? பெற்றோல் எங்க எண்டுதானே கேட்டனான்."

அவர் முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. விதானையாரைப் பார்த்தேன். அவர் குடையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "விடும் தம்பி. பெரிய மனிசர்" என்றார்.

சாவியை ஆசனத்தில் எறிந்துவிட்டு, காரில் கிடந்த என் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னேர வள்ளத்தில் காரைநகருக்கு ஏறினேன். காலையில் சுருட்டுப் பகிடி விட்ட வள்ளக்காரர்தான் அதில் இருந்தார். பாதிக் கடல் தாண்டியதும் என்னை உற்றுப் பார்த்தார்.

"பெற்றோல் எடுத்தது நீதானே? அங்கால கரையில எல்லாம் உன்ர கதைதான்."

மிதவையைப் பற்றி, துவாரத்தைப் பற்றி, இரவோடு அது குடித்ததைப் பற்றி எல்லாம் விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு, "ஓ, அப்பிடியே" என்றார். நம்பினாரோ தெரியாது. வள்ளத்தில் இருந்த மற்றவர்கள் தங்கள் மூட்டைகளைக் கொஞ்சம் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அன்று காலையில் ஏறிப்போன பொய்க்குப் பின்னால் நான் பின்னேர வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை. வேலை செய்கிற இடங்களில் ஒரு பொருள் காணாமற்போய் எல்லோரும் ஒருவனையே திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும், என் வாயைப் பொத்தி முதலில் பொருளைத் தேட வைப்பது அதுதான்.