அடுப்பை மூடாத கர்பியூ

இன்று மெர்லிமாவில் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கையில் எதிர்வீட்டு ராசம்மா பெரியம்மா. சும்மா இருப்பேனா?

“பெரியம்மா, கர்பியூன்னு இங்கிலீஷ்ல சொல்றோமே, அது பழைய பிரெஞ்சு வார்த்தை. ‘நெருப்பை மூடு’ன்னு அர்த்தம். சாயங்காலம் மணியடிச்சா அடுப்பை மூடிடணுமாம்.”

“அப்படியா? வெள்ளைக்காரன் காலத்து எமர்ஜென்சில எங்க வீட்ல மூடலையே லா.”

ஊரடங்கு நேரத்தில் அவருடைய அம்மாவுக்குப் பிரசவ வலி. வெந்நீர் வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் சிப்பாய்கள் வருவார்கள். வாசலைத் தாண்டினால் சுடுவார்கள்.

“தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுக்காரங்க ஆளுக்கொரு கம்பளிய சுவருக்கு மேலால எங்க பக்கம் போட்டாங்க. அதால ஜன்னல், கதவெல்லாம் வெளிச்சம் தெரியாம மூடிட்டு அடுப்பை எரிய விட்டோம். தம்பி பொறந்தான்.”

“தம்பி இப்ப எங்க?”

“மலாக்கா ஆஸ்பத்திரியில. இன்னிக்கு நெஞ்சுல ஆபரேஷன். அங்கதான் போறேன்.”

முடிவெட்டக் கிளம்பிய நான் அவர் பின்னாலேயே இறங்கிவிட்டேன்.

இப்போது ஆஸ்பத்திரி கேண்டீனில் இருக்கிறோம். ஆபரேஷன் இன்னும் முடியவில்லை. பெரியம்மா காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவரை ஒரு வாய் சாப்பிட வைக்க யாருக்காவது வழி தெரியுமா? என்னிடமிருந்த ஜோக்குகளையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர்தான் என்னைச் சாப்பிடச் சொல்கிறார். நான் இரண்டாவது தோசையில் இருக்கிறேன்.