'செத்தால்' என்று எழுதாத குறிப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அலுவலகத்தில் அது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் என்னோடு வேலை பார்க்கும் பெண் அன்றைக்கு நேரில் சொல்லாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். "சார், நம்ம குறிப்பு இல்லாம ஓட்டினதே நல்லா இருந்துச்சு." அவ்வளவுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

நாமக்கல்லில் சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. கோழிப்பண்ணைகளுக்கு வேலை செய்கிறோம். ஷெட்டுக்குள் வெப்பமானி தொங்கும். சூடு ஏறினால் எங்கள் நிரல் மோட்டாரைப் போட்டு, தண்ணீரைப் புகை மாதிரி தெளிக்கும் குழாய்களைத் திறந்துவிடும். நிரலை இப்போது பாதிக்கு மேல் ஏஐ ஏஜென்ட்தான் எழுதுகிறது. எழுதியதற்கு யூனிட் டெஸ்டும் அதுவே எழுதவேண்டும். நாற்பது டிகிரி கொடுத்தால் தண்ணீர் வருகிறதா, இருபத்தைந்து கொடுத்தால் நிற்கிறதா என்று நிரலின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது அது. சரியாக இருந்தால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. டெஸ்ட் எப்படி எழுத வேண்டும் என்று ஏஜென்ட்டுக்கு ஒரு வழிகாட்டுக் குறிப்பு தயாரித்து, அந்தக் குறிப்பால் உண்மையில் பயன் உண்டா என்று மதிப்பிடுவது என் வேலை. ஆத்தூர்ப் பக்கத்துக்காரியான அந்தப் பெண் எனக்குத் துணை.

மதிப்பிடுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரே நிரலைக் குறிப்பில்லாமல் ஒரு தடவை, குறிப்போடு ஒரு தடவை ஏஜென்ட்டிடம் கொடுத்து, இரண்டு தடவையும் அது எழுதிய டெஸ்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எது தப்பைப் பிடிக்கிறதோ அது தேறியது.

மாதிரிக்கு என் தங்கையின் பண்ணை விவரத்தைத்தான் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கம் எது புதிதாக வந்தாலும் முதலில் சொந்தக்காரர் இடத்தில் மாட்டித்தான் பார்ப்போம். வெளி ஆளிடம் போய்க் கெட்ட பேர் வாங்கக் கூடாதே! தங்கைக்குச் சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரே ஒரு ஷெட். மாப்பிள்ளை வடக்கே லாரி ஓட்டுகிறார், மாதம் ஒருமுறை தலைகாட்டினால் அதிகம். அந்த ஷெட்டை வைத்துத்தான் அவள் குடும்பம் நிற்கிறது.

குறிப்பில்லாத முதல் ஓட்டத்தில் டெஸ்டுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றில் என் தங்கையின் பெயரைப் போட்டு, அவள் ஷெட்டில் 'எல்லாக் கோழிகளும் செத்தால்' என்று எழுதியிருந்தது. அடுத்தது 'வெப்பமானி எதுவும் சொல்லாவிட்டால்'. அது சிவப்பாக நின்றது. நான் சிவப்பைப் பார்க்கவேயில்லை. மேலே இருந்த வரியிலேயே கண் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூடத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், நிறைந்துவிட்டது என்போம். எங்கள் நிரல் ஓடும் பெட்டியை வெள்ளிக்கிழமை பார்த்து, தேங்காய் உடைத்து அவள் ஷெட்டில் மாட்டியிருந்தோம். அவள் பெயரைப் போட்டு இப்படி ஒரு வரியா?

"கருமம், இதென்ன பேச்சு!" என்று திரையைப் பார்த்தே திட்டினேன். குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: சாவு, பழுது பற்றிய டெஸ்டுகள் வேண்டாம், அன்றாடம் வரும் அளவுகளை மட்டும் எடுத்துக்கொள். ஏஜென்ட் மறுபேச்சுப் பேசவில்லை. மறுபடி ஓட்டினேன். அத்தனையும் பச்சை.

அதற்குப் பிறகுதான் அந்தத் துண்டுத் தாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மேசைக்கே போனேன்.

"என்னம்மா இது?"

"ஒரு டெஸ்ட் சிவப்பா இருந்துச்சு சார். நம்ம குறிப்பு வந்ததும் அந்த டெஸ்டே காணோம். தப்பு சரியாவல, கண்ணுக்குத் தெரியாமப் போயிடுச்சு. அது ஏன் சிவப்புன்னு ஒரு தடவை பாத்துடலாம் சார்."

"உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா? யாரு பண்ணைன்னு தெரியுமில்ல?"

அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் குறிப்புக்கு முழு மதிப்பெண் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். நிரலும் அப்படியே தங்கையின் பெட்டிக்குப் போனது.

சித்திரையில் ஒரு நாள் தங்கை கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, நாளைக்கு வேலூர்ல நாத்தனார் புள்ளைக்குக் காதுகுத்துங்க. போனா மத்தியானம் இங்க ஆளிருக்காதுங்க. போலாமுங்களா?"

பெட்டி மாட்டின பிறகும் அவள் தினமும் உச்சிவெயிலில் ஷெட்டுக்குள் ஒரு நடை போய், கோழிகள் வாயைத் திறந்து இளைக்கின்றனவா என்று பார்ப்பாள். அதற்காகவே எத்தனையோ விசேஷங்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறாள்.

"போய்ட்டு வா சாமி. அதான் மிஷின் பாத்துக்குதே" என்றேன்.

அன்றைக்குப் பார்த்து எலி ஒயரைக் கடித்திருந்தது. வெப்பமானியிலிருந்து எதுவும் வரவில்லை. எதுவும் வராவிட்டால் எங்கள் நிரல் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யம் என்றால் குளிர். குளிரில் எதற்குத் தண்ணீர்? வெளியே அனலடிக்க, குழாய்கள் மூடியே கிடந்தன. காதுகுத்துப் பந்தலில் அவள் இரண்டு மூன்று தரம் கைப்பேசியை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதில் பெட்டி காட்டும் பச்சை விளக்கு, எல்லாம் சரி என்றுதான் தெரிந்திருக்கிறது.

பொழுது சாய நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மாப்பிள்ளையின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, கூண்டுகளிலிருந்து கோழிகளை இழுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். இறக்கையை விரித்து, வாயைத் திறந்தபடி வரிசை வரிசையாகக் கிடந்தன. பிழைத்தவை கொஞ்சம், அவையும் கத்தவில்லை. நான் ஒரு சாக்கைப் பிடிக்கப் போனேன்.

"உடுங்கண்ணா, உங்களுக்குப் பழக்கமில்லீங்க" என்றாள்.

மறுநாள் குறிப்பிலிருந்து என் வரியை எடுத்துவிட்டு ஏஜென்ட்டை மறுபடி ஓட்டினேன். கடையிலிருந்து வந்த டீ ஆறுவதற்குள் அதே டெஸ்டை எழுதிவிட்டது. அதே சிவப்பு. நிரலில் திருத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. பக்கத்து மேசையிலிருந்து அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். 'அன்னைக்கே சொன்னேனே சார்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். மறுபடி குஞ்சு இறக்குவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சோறு போட்டாள். நான் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து அவளே ஆரம்பித்தாள்.

"எலி கடிச்சதுக்கு நீங்க என்னங்கண்ணா பண்ணுவீங்க? மனசைப் போட்டு ஒழப்பாம உண்ணுங்க."

அதோடு விட்டிருக்கலாம். பழியை எலியின் தலையில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு எழுந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"எலி இல்ல சாமி. ஒயர் போனா என்னாகும்னு அந்த மிஷின் முன்னாடியே எழுதிக் காட்டுச்சு. 'கோழியெல்லாம் செத்தா'ன்னு உம்பேரைப் போட்டு வேற எழுதியிருந்துச்சு. என்னால பாக்க முடியல. அப்படியெல்லாம் எழுதாதேன்னு நாந்தான் சொல்லிட்டேன்."

ரசம் ஊற்ற எடுத்த கரண்டியை அவள் பாத்திரத்திலேயே வைத்தாள்.

"'செத்தா'ன்னு எழுத உங்களுக்கு மனசு வரலீங்க" என்றாள். "நான் ஒவ்வொண்ணா எடுத்துக் குழியில போட்டனுங்கண்ணா."