மகள் எழுதிய அம்மாவின் நோட்டு

மைசூரில் பிள்ளைகள் எல்லோருமே மேதைகள். கோடைக்கால முகாம் ஒன்றில் இரண்டு மாதம் தன்னார்வலராக இருந்தபோது பெற்றோர் வாயாலேயே இதைக் கேட்டேன். அபாரத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான முகாம் அது. வார நாட்களில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும். ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்கு வகுப்பு, அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் எப்படி வளர்ப்பது என்று. வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்தால் போதும். ஒரு அப்பா வாரம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்டார்: "என் பையனுக்கு இந்த லெவல் போதுமா மேடம்?" அந்தப் பையன் என் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.

பெற்றோருக்கு ஒரு வீட்டுப்பாடமும் உண்டு. தினமும் பிள்ளையைக் கவனித்து நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வருடம் முழுக்க நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை எடுப்பார்கள்.

நோட்டுகளை வாங்கி அடுக்குவது என் வேலை. அடுக்குகிற சாக்கில் படித்தேன். ஒரு குழந்தை இரண்டு வயதில் கிரகங்களை வரிசையாகச் சொன்னதாம். இன்னொன்று தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்லுமாம். ஒருவர் கம்ப்யூட்டரில் அடித்து, கலர் போட்டோ ஒட்டி, ஸ்பைரல் போட்டே கொண்டுவந்துவிட்டார். அத்தனை நோட்டிலும் ஒரு பிள்ளைகூட அடம் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு நோட்டு வேறு மாதிரி இருந்தது. தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளியிலிருந்து வந்து ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் ஒரு அக்காவுடையது. மகள் அரசுப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். நோட்டு முழுக்கக் கன்னடத்தில், குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. "சோறு வடிக்கும்போது ஆவி ஏன் மேலேயே போகிறது என்று கேட்டாள். பதில் சொல்லப் போய் என் கை வெந்தது." "தெருக்குழாயில் குடம் நிரம்ப எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று எண்ணிக்கொண்டே நின்றாள். குடம் வழிந்தது. தெருவே திட்டியது."

ஒருங்கிணைப்பாளர் மேடம் அதைப் பார்த்ததும் தனியே ஒதுக்கி வைத்தார். "இது பிள்ளையோட கையெழுத்து. தன்னைப் பத்தித் தானே எழுதிக்கிட்டிருக்கா. லிஸ்ட்ல வேண்டாம்."

குழந்தை மனநலத்தில் பட்டம் வாங்கியவர் அவர். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாமலிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கரண்ட் பில்லிலிருந்து அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எட்டு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொன்னேன். என் ரேங்க் கார்டையும் நானே படித்துக் காட்டி, அப்பாவிடம் கைரேகை வாங்கினேன்.

"அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க மேடம்" என்றேன். அந்த அக்கா சொல்லச் சொல்ல நானே அழகாகத் திருப்பி எழுதிக்கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் திட்டமும் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா மகளோடு வந்தார். கூடவே சந்தன வாசனையும் வந்தது. நான் பேனாவைத் திறந்தேன். "அக்கா, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"ஏங்கண்ணு, எம்புள்ள எழுத்துக்கு என்ன கொறச்சல்? அட்டெண்டன்ஸ்ல நீ எழுதறதப் பாத்தனே, கோழி கெளறுன மாதிரி."

பேனாவை மூடினேன்.

மேடம் கேட்டார்: "அவளுக்குப் பிடிச்ச மாதிரி மாத்தி எழுதியிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்புடி உட்ருவனுங்களா? நான் தமிழ்ல சொல்லுவேன், இவ கன்னடத்துல எழுதுவா. காலைல வேலைக்குப் போறப்ப முக்குக் கடைக்காரர்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டுத்தான் போவேன். ஒரு நாளு தம்பிய அடிச்சத எழுதாம உட்டுப்போட்டா. மறுக்கா எழுத வெச்சேன். ஓரத்துல பாருங்க."

மேடம் புரட்டினார். ஓரங்களில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது: "தம்பியை அடித்தாள்." "அடித்துவிட்டு இல்லை என்றாள்." இன்னொரு பக்கத்தில், "அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்றாள்." மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதத் தெரியாதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"ஆருங்க கேட்டீங்க? வாரா வாரம் வந்து உக்காந்தேன். புள்ளையத் திட்டாத, பாராட்டுன்னீங்க. எழுத்துத் தெரியுமான்னு ஒருத்தரும் கேக்கலீங்களே."

மேடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ஸ்பெஷல் கேஸ்" என்று முணுமுணுத்து, பெயரை லிஸ்டில் சேர்த்தார். பிறகு குரலைக் குழைத்து, "இதை ஜெராக்ஸ் எடுத்துக்கறோம். அடுத்த வருஷம் வர்ற பேரண்ட்ஸுக்கு சாம்பிளா காட்டலாம்" என்றார்.

"எதுக்குங்க? எம்புள்ள தம்பிய அடிச்சத ஊரே படிக்கறதுக்கா?" மேசையிலிருந்த நோட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "சனிக்கெழம எத்தன மணிக்கு வரோணும்? அத மட்டும் சொல்லுங்க."

"ஒன்பதரைக்கு" என்றேன் நான். ஒரு சீட்டில் எழுதித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.