இரண்டாவது தட்டில் உட்கார்ந்திருந்தவர்

இது நடந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் பொய் சொல்கிறவன் என்று டகோராடித் துறைமுகத்தில் ஒரு பேச்சு உண்டு. மீன் விஷயத்தில் சொல்வேன், ஒத்துக்கொள்கிறேன். காற்று விஷயத்தில் இதுவரை சொன்னதில்லை. துறைமுக மீட்புக் குழுவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். கப்பலின் அடைந்த அறைகளில் விழுந்தவர்களைத் தூக்கி வருவதுதான் வேலை. பாதிப் பேர் உயிரோடு வந்தார்கள். மீதிப் பாதியையும் நான்தான் தூக்கி வந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் கரையில் யாரும் அன்று மீன்பிடிக்கப் போகமாட்டார்கள், கடலுக்கு ஓய்வு. வெட்டிய மரத்தடிகள் ஏற்றிய கப்பலுக்கு ஏது ஓய்வு? பதினொரு நாள் மூடிக் கிடந்த கிடங்கு. பச்சை மரம், மூடிய இடத்திலுள்ள காற்றைத் தின்றுவிடும். நாற்றம் இருக்காது, புகை இருக்காது. இறங்குகிறவன் நாலு மூச்சு விடுவான். ஐந்தாவது இருக்காது.

விழுந்தவன் எக்கோ. என் மனைவி அராபாவின் தம்பி. ஆறு வயதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. அவனுக்கு அந்தத் துறைமுக வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கிடங்குக்குள் இறங்கும் ஏணிக் குழிக்குள் தொப்பி விழுந்ததாம். எடுக்க இறங்கியிருக்கிறான். பாதி தின்ற கெங்கே சோள உருண்டை குழி வாயிலேயே இலையோடு கிடந்தது.

குழியில் ஒரு ஆள்தான் நுழைய முடியும். நான் இறங்க வேண்டும்; என் குழுவிலுள்ள ஃபீஃபி மேலே கயிற்றைப் பிடிக்க வேண்டும். மூன்று இழுப்பு இழுத்தால் தூக்கு என்று அர்த்தம்.

"தொப்பிக்கா இறங்கினான்?" என்றேன், முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டே.

"புதுத் தொப்பியாம் அண்ணே."

"வரட்டும். அவங்க அக்கா தலையையே எடுத்துருவா. அப்புறம் தொப்பி எதுக்கு?"

ஃபீஃபி சிரிக்கவில்லை. நான் இறங்கும் நேரத்தைப் பலகையில் சாக்கட்டியால் எழுதினான். 2.14.

இறங்கினேன். முகமூடிக்குள் என் மூச்சு மட்டும். ஸ்ஸ்... ஹா. ஸ்ஸ்... ஹா.

ஏணி நடுவே நிற்க வைத்த முதல் தட்டில் ஆக்சிஜன் மீட்டர் அலறியது. நூற்றுக்கு இருபத்தொன்று காட்ட வேண்டிய இடத்தில் நாலு. அலறலை நிறுத்தினேன்.

அப்போதுதான் கவனித்தேன். நான் மூச்சை இழுக்காதபோதும் ஸ்ஸ்... என்றது. கீழேயிருந்து.

இரண்டாவது தட்டு. விளக்கைத் திருப்பினேன்.

எக்கோ மல்லாந்து கிடந்தான். அவன் தலை ஒருவர் மடியில் இருந்தது. பழுப்புச் சட்டை. ஐம்பது வயது இருக்கும். எக்கோவின் முகத்தின் மேல் குனிந்திருந்தார், ரகசியம் சொல்கிறவர் மாதிரி. மெல்ல நிமிர்ந்தார்.

முகமூடி இல்லை.

மீட்டரைப் பார்த்தேன். இரண்டு.

"மெதுவா" என்றார். "கழுத்தைத் தாங்கிப் புடி."

பயம் வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பனிக்கட்டியில் வைத்த கை மாதிரி மனசு மரத்திருந்தது. கழுத்தைத் தாங்கிப் பிடித்தேன். உடம்பில் சூடு இருந்தது.

என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து எக்கோவுக்குக் கட்டினேன். மூன்று இழுப்பு. மேலே இழுத்தார்கள். இரண்டு படி போனான். திருப்பத்தில் அவன் தோள் சிக்கிக்கொண்டது.

கீழேயிருந்து தள்ளினேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கையும் தள்ளியது. ஈரமான கை.

அப்போது விசில் அடித்தது. சிலிண்டரில் காற்று தீரப்போகிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடம்தான். விசில் அடித்தால் யாராக இருந்தாலும் ஏற வேண்டும். அதுதான் சட்டம்.

எங்கே ஏறுவது? மேலே எக்கோ அடைத்துக்கொண்டிருந்தான்.

தள்ளினேன். நகரவில்லை. விசில் அடித்துக்கொண்டே இருந்தது...

பிறகு நின்றது.

சத்தம் போனதே, நல்லது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

ஸ்ஸ்... ஹா.

என் காதருகில்.

தோள் விடுபட்டது. எக்கோ மேலே போனான். வெளிச்சம் விழுந்தது.

திரும்பினேன். "வாங்க."

"நீ போ" என்றார். "நான் வந்தா உங்க எண்ணிக்கை தப்பும்."

ஏறினேன்.

தலை வெளியே வந்ததும் துறைமுகத்தின் மூன்று மணிச் சங்கு ஊதியது. ஃபீஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொருத்தர் இருக்கிறார் என்றேன்.

மேஸ்திரி தொழிலாளர் பெயர்ப் பட்டியலை இரண்டு முறை வாசித்தார். ஒருவரும் குறையவில்லை. கப்பல்காரர்களும் குறையவில்லை. வேறு இருவர் கிடங்கின் அடிவரை இறங்கித் தேடினார்கள். எக்கோவின் தொப்பிதான் கிடைத்தது.

எக்கோ பிழைத்தான். அந்த இடத்தில் நாலு நிமிடம் தாங்குவதே அதிகம் என்றார் டாக்டர். அவன் அரைமணிக்கு மேல் கிடந்திருக்கிறான். "எழுதுறதுக்கு எனக்கு வார்த்தை இல்லய்யா" என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

நான்காம் நாள் கண் விழித்த தம்பியை அராபா ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அன்றிலிருந்து மிளகாய் உறைப்பதுமில்லை.

மூன்று வாரம் கழித்து ஃபீஃபி வீட்டுக்கு வந்தான். பனங்கள் ஊற்றிக் கொடுத்தேன். தொடவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணே? கோவப்படக் கூடாது."

"கேளு."

"விசில் ரெண்டு முப்பத்தாறுக்கு அடிச்சுது. ரெண்டு நாப்பத்தொண்ணுக்கு நின்னுது. மேல வரைக்கும் கேட்டுச்சு. நீங்க வெளிய வந்தது மூணு. பலகையில நான்தான் எழுதினேன்."

கழித்துப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம்.

"முகமூடிக்குள்ள எதை இழுத்தீங்க?"

"மிச்சம் மீதி இருந்திருக்கும்டா."

"முகமூடி உங்க மூஞ்சில இல்லண்ணே. கழுத்துல தொங்கிட்டிருந்துச்சு."

கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

"என் கையப் புடிச்சு, இன்னொருத்தர் இருக்காருன்னு கத்துனீங்க. மூஞ்சிக்கு நேரா. நாப்பது படி ஏறி வந்த ஆளுக்கு மூச்சு வாங்கலையேன்னு, உங்க மூக்குக்கிட்ட புறங்கையை வச்சுப் பாத்தேன்..."

"வச்சு?"

ஃபீஃபி தன் புறங்கையைப் பார்த்தான்.

"மூச்சு வரல அண்ணே. பேச்சு மட்டும் வந்துச்சு."